உமையாள் வீட்டு முகட்டு ஓடு

வெயிலும் நீதியும் குறையாத வெண்குன்ற நாடு வாழ்க. மூன்று மன்னர்க்கு அமைச்சராயிருந்து, இப்போது முதுகு நிமிர மறுக்கும் நெடுவேள் ஆதன், செங்கழனிச் சீமையின் காவலர், வாகை சூடிய தோளர், விண்ணன் சேந்தனார் சமூகத்துக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மக்களும் மாடுகளும் மதகுகளும் நலமே இருக்க.

பகலில் வெயிலைக் குடித்து இரவில் விளக்காய் எரியும் கதிர்ப்பலகையைக் குடிகள் விலைக்கு வாங்குவதா, வணிகக் குழுவிடம் வாடகைக்கு எடுப்பதா, ஒரே சொல்லில் தீர்த்துச் சொல்க என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். ஒரே சொல்லில் தீர்கிற வழக்கு எதுவும் இந்த அமைச்சரின் வாசலுக்கு இன்றுவரை வந்ததில்லை. காலையில் வாங்கியவன் வந்து அழுகிறான். ஆலங்கட்டி விழுந்து பலகை விரிசல் கண்டுவிட்டது, ஏறிப் பார்க்க ஆளில்லை என்கிறான். மாலையில் வாடகைக்கு எடுத்தவன் வந்து அழுகிறான். பழுதானால் குழுவார் வந்து பார்க்கிறார்கள்தான், ஆனால் கொடுத்துக் கொடுத்தே கிழவனாகிவிட்டேன், பலகை இன்னும் என்னுடையதாகவில்லை என்கிறான். இருவர் சொல்வதும் மெய்தான், என்ன செய்ய! முடிந்தவன் வாங்கட்டும், முடியாதவன் வாடகைக்கு எடுக்கட்டும் என்று எழுதிவிட்டு அமைச்சர் படுக்கப் போயிருப்பார். போகவிடாமல் செய்தவள் தங்கள் சீமையில் பாய் முடையும் உமையாள்.

செங்கழனி வழக்கம் தாங்கள் அறிந்ததே. மணமகன்தான் மணமகள் வீட்டுக்குக் குடிவருவான். மணநாளில் தாய் தன் வீட்டு முகட்டிலிருந்து ஓர் ஓடு கழற்றி மகள் கையில் கொடுத்தால்தான் வீடு மகளுடையது, மணமும் மணம். கணவனை இழந்த உமையாள் வாடகைக்கு எடுத்த பலகை அந்த முகட்டின்மேல் கிடக்கிறது. மகள் பூங்கோதைக்கு மாப்பிள்ளை அமைந்து, பந்தலும் போட்டாயிற்று. தவணை முடியும்வரை பலகையை அசைக்கவும் கூடாது, வீட்டைக் கைமாற்றவும் கூடாது என்பது உடன்படிக்கை என்று குழுவார் தடுத்தனர். கைநாட்டு வைத்தது வைத்ததுதான் என்று தங்கள் அவையும் தீர்த்தது. ஓடு இல்லையேல் தாலி இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோயினர்.

உமையாள் நடந்தே தலைநகர் வந்தாள். அவையில் அவள் காலில் விழவுமில்லை, அழவுமில்லை. "வெளிச்சத்தைத்தானே சாமி வாடகைக்கு எடுத்தேன், கூரையையா வித்தேன்? பந்தல்ல வாழை வாடிப்போச்சு. எம் பொண்ணு அதைப் பாத்துப் பாத்துச் சோறு திங்க மாட்டேங்குறா" என்றாள். அமைச்சர் அப்போதே வணிகக் குழுத்தலைவரை அழைப்பித்து, பலகையை இறக்கித் தரச் சொன்னார்.

ஒரு வீட்டில் இறக்கினால் எல்லாரும் கேட்பார்களே என்று குழுத்தலைவர் கையைப் பிசைந்தார். கேட்கட்டுமே! அவரே பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். தங்கள் அரண்மனை முகட்டில் கிடப்பதும் குழுவின் வாடகைப் பலகையே. அதே உடன்படிக்கை, அதன் அடியில் தங்கள் முத்திரை. தங்கள் திருமகளாருக்கு வரும் தையில் மணம் என்று செய்தி வந்து, அமைச்சர் பட்டுகூட எடுத்து வைத்திருக்கிறார். அன்று தேவியார் எந்த முகட்டில் ஓடு கழற்றுவார் ஐயா?

ஆகவே கொற்றவர் ஆணை இது. வாடகைக்கு விடுபவர் விடுவது பலகையை மட்டுமே, கூரை வீட்டாருடையது. மணத்துக்கோ மராமத்துக்கோ வீட்டார் கேட்டால் குழுவாரே ஏறிப் பலகையை இறக்கி, பிறகு தம் செலவில் பொருத்தித் தருக. வீடு மகள் கைக்குப் போனால் வாடகையும் அவள் பெயருக்குப் போகும், அவ்வளவுதான். உமையாள் பந்தலுக்குப் புது வாழை தங்கள் தோட்டத்திலிருந்து போகட்டும். முதல் பலகை அவள் வீட்டில்தான் இறங்க வேண்டும். அது இறங்கும்வரை அரண்மனை முகட்டில் எவரும் கை வைக்கலாகாது.

நீண்ட மறுமொழி வேண்டா. பூங்கோதை கைக்கு ஓடு வந்தது என்று ஒரு வரி போதும். அன்றைக்காவது அமைச்சர் தூங்குவார். வெண்குன்ற முத்திரை இடப்பட்டது.