தீந்தை ஒட்டாத தகரம்

அம்மாள் துணை

தேற்றாத்தீவு
1943 ஆனி, வியாழன்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மாமியும் நலம். கதிரவெளிப் பக்கம் காய்ச்சல் கூட என்று கேள்விப்பட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இதைத் தபாலில் போடவில்லை. யுத்தத்துக்காகக் கடிதங்களை உடைத்துப் படிக்கிறார்களாம். கோணாமலை அண்ணனின் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

வாடகைக்கு ஓட்டப்போகும் நம் பழைய காருக்கென்று நீங்கள் வெட்டி அனுப்பிய அலுமினியத் துண்டுகள் வைக்கோலுக்கு அடியில் பத்திரமாக வந்தன. எஞ்சின் மூடி, மட்கார்ட்டுகள், கதவுக்கு இரண்டு. மாமி ஒரு மட்கார்ட்டை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தா. "என்ன கா இது, அப்பளம் மாதிரிக் கிடக்கு. இதில ஏறியா சனம் கல்முனைக்குப் போகப்போகுது" என்றா.

சொன்னபடியே செய்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி, மண்கடதாசியால் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்துக் கறுப்புத் தீந்தை பூசினேன். காய்ந்தது. மறுநாள் வெயிலில் தொட்டேன். அவித்த கிழங்கின் தோல்போல முழுதாகக் கழன்று கையில் வந்தது. கீழே அதே வெள்ளை. ஒன்றுமே நடக்காதது போல.

இந்தத் தகரம் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. இரும்பு அப்படியில்லை. இரும்புக்குத் துரு உண்டு, பிடிமானம் உண்டு.

மாமி பித்தளைப் பானை என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தா. தகரம் நுரைத்துக் கறுத்துவிட்டது. பயந்துபோய்ப் பழப்புளியால் தேய்த்தோம். கறுப்புப் போய், பளபளப்பும் போய், சொரசொரவென்று சாம்பல் நிறமானது. அதன்மேல் தீந்தை நின்றது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. இனி யார் பார்த்தாலும் பழைய காரின் பழைய இரும்புதான்.

தீந்தை போதாமல் காத்தான்குடிக்குப் போனேன். ஆதம்பாவா கடையில் மட்டும்தான் இருந்தது. என்னத்துக்கு என்று கேட்டார். இருட்டடிப்புச் சட்டம், யன்னல் கண்ணாடிக்கு என்றேன். தீந்தை டின்னைக் கட்டித் தந்துகொண்டே, "உங்கட ஊட்டில எத்தன யன்னல் ரீச்சர்? அரசாங்கக் கச்சேரியில கூட இவ்வளவு இல்லையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பை யோசித்தேன்.

கதவுத் துண்டு ஒன்றில் மூன்று துளைகள். மெழுகும் சுண்ணாம்புத்தூளும் குழைத்து அடைக்கச் சொல்லியிருந்தீர்கள். அடைக்குமுன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். விளிம்புகள் உள்ளே மடிந்திருந்தன. வெளியிலிருந்து வந்தவை. அந்தத் தகரத்துக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஆளில்லாமல் விழுந்து கிடந்தது, கேட்பாரில்லை என்று நீங்கள் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

வெள்ளி

நேற்று இவ்வளவில் நிறுத்தினேன். வாசல் படலையில் பட்டாள வண்டி வந்து நின்றது.

வெள்ளைக்காரர் இருவர். கொழும்புப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். துண்டுகள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தன. கச்சான் காற்று தீந்தை மணத்தை முற்றம் முழுக்கக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பாளர் மாமியிடம்தான் கேட்டார், புத்தகத் தமிழில். விமானம் ஒன்று விழுந்ததைக் கண்டீர்களா, அது பற்றி யாராவது பேசக் கேட்டீர்களா என்று.

மாமிக்கு அது கப்பல். ஆகாயக் கப்பல் என்று தொடங்கிக் கப்பல் என்றே நம் ஊரில் ஆகிவிட்டது. விமானம் என்றால் அவவுக்குக் கோயிலில் சாமிக்கு மேலே இருப்பது. "விமானமா மகன்? எங்கட கோயில் விமானம் இன்னும் கட்டியே முடியல்ல. மறுகா எப்படி விழும்?" என்றா. அவர் சிரித்து அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரைமாரும் சிரித்தார்கள்.

மாமி பொய் சொல்லவில்லை. இரண்டு சொல்லும் தெரிந்தவள் நான். பிள்ளைகளுக்குச் சொற்பொருள் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். வாயைத் திறக்கவில்லை.

போகும்போது மொழிபெயர்ப்பாளர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவர்கள் தகரம் தேடவில்லை அம்மா, ஆளைத் தேடுகிறார்கள். வாகரைப் பக்கமிருந்து ஊர் ஊராகக் கேட்டு வருகிறார்கள். ஓட்டியவன் சின்னப் பெடியன். இறங்கியிருந்தால் தண்ணீர் தேடி எங்காவது வந்திருப்பான்.

வண்டி களுவாஞ்சிக்குடிப் பக்கம் போனது. நாம் தப்புவது யாராவது ஒருவர் அந்த மொழிபெயர்ப்பாளருக்குக் கப்பல் என்ற சொல்லைச் சொல்லிக் கொடுக்கும்வரைதான்.

சனி

கோணாமலை அண்ணன் வந்துவிட்டார். மாடுகள் வேலியோரம் நிற்கின்றன. பூசிய துண்டுகளை ஏற்றக் கேட்டார். பொறுங்கள் என்றேன். மாமி செம்பில் தண்ணீர் கொடுத்தா. வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னைப் பார்த்தார். "ரீச்சர், கோவிக்காதீங்க. வோட்டர் எண்டா என்ன?" என்று கேட்டார்.

தண்ணீர் என்றேன்.

செம்பைக் கீழே வைத்துவிட்டார். ஆர் சொன்னது என்று கேட்டேன். "அந்தக் கப்பலுக்க கிடந்தவன்" என்றார். "கால் ரெண்டும் தகரத்துக்க மாட்டுப்பட்டு. அதத்தான் சொல்லிக்கொண்டே கிடந்தவன். நான் அவன்ட பேராக்கும் எண்டு நினைச்சன்."

மறுகா என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மறுகா என்ன. அடுத்த நாள் மிச்சத்தக் கழட்டப் போகக்க அவன் ஒண்டும் சொல்லல்ல."

மாமி கேட்டுக்கொண்டுதான் நின்றா. உள்ளே போய்ப் படுத்துவிட்டா. இன்னும் எழும்பவில்லை. ஒரே ஒருதரம், "அவன்ட தாய்க்குத் தெரியுமா புள்ள" என்று கேட்டா.

அத்தான், கோணாமலை அண்ணனுக்கு அந்தச் சொல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தோட்டத் துரையின் காரை எத்தனை வருடம் ஓட்டினீர்கள். கார் கொதித்து நின்ற ஒவ்வொரு மேட்டிலும் துரை உங்களிடம் சொன்னது அந்த ஒரு சொல்தானே. எனக்கு அதைச் சொல்லி எத்தனை தரம் சிரித்திருக்கிறீர்கள்.

நீங்கள் மறுபக்கச் சிறகில் நின்றதாக அண்ணன் சொல்கிறார். கச்சான் காற்று. சுத்தியல் சத்தம். கேட்காமல் இருந்திருக்கலாம். இதை நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு விதத்திலும் அடுத்த நாள் என்ற ஒன்று வந்துவிடுகிறது.

பூசிய துண்டுகளை ஏற்றவில்லை. துளையுள்ள, இன்னும் சாம்பல் படாத கதவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். துளைகளை அடைக்கவில்லை. கிணற்றடியில் சாத்தியிருக்கிறேன். காலை வெயிலில் அது தெருவரைக்கும் மின்னுகிறது. மறைத்து வை என்று மாமி சொல்லவில்லை.

பட்டாள வண்டி இந்த வழியாகத்தான் திரும்பவேண்டும். அதற்கு முன் நீங்களே முகாமுக்குப் போய் இடத்தைக் காட்டுங்கள். தகரம் கழற்றியதையும் சொல்லுங்கள். பிடித்து மறியலில் போட்டால் சோறு கொண்டு வருவேன். எத்தனை காலமானாலும் வருவேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

கேட்டதா இல்லையா என்பதை எழுதி அனுப்ப வேண்டாம். கோணாமலை அண்ணனிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். முகத்துக்கு நேரே என்னிடம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று சொன்னால் நம்புவேன். நம்ப வேண்டும் என்றுதான் அப்போதிருந்து நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

முகாமுக்குப் போகும் வழியில் அந்த இடத்தில் இறங்கி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். செம்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாமி கொடுத்து, அண்ணன் குடிக்காமல் வைத்த செம்பு.

கண்ணகையம்மன் உங்கள் நாவில் நின்று பேசட்டும்.

வழி பார்த்திருக்கும்,
புஸ்பம்