கீழ்ப்பெட்டிக்கு யார் சொல்கிறார்கள்?

நாவுல,
ஞாயிறு மாலை.

குவைத்துக்குப் போயும் கோபம் ஆறாத நண்பன் நப்லானுக்கு,

ரொஷான் எழுதுவது. விடியற்காலையில் உன்னை எழுப்பி, உன் முதலாளி மாதிரி அரபியில் உளறியதற்கு நீ என் நம்பரை ப்ளொக் செய்தது நியாயம்தான். என் அழைப்புக்கெல்லாம் அடைப்பு. அதனால் ஈமெயில். சிரிக்காமல் வாசி.

எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள இரண்டு குளங்களின் மதகுகளுக்கும் நீ செய்து வைத்த தானியங்கிப் பெட்டிகளைப் பற்றித்தான். முதலில் ஒவ்வொன்றும் தன் குளத்தை மட்டும் பார்த்துத் திறந்து மூடியது. மேலே திறந்த தண்ணீர் வந்து முட்டிய பிறகுதான் கீழ்ப்பெட்டி பதறி முழுக்கத் திறக்கும்; வற்றியதும் பதறி மூடும். குளம் ஊஞ்சலாடியது. நீ ரேடியோ பூட்டி, 'திறக்கப்போகிறேன்' என்று மேல்பெட்டி முன்கூட்டியே சொல்ல வைத்தாய். ஆட்டம் அடங்கியது.

போன மாதம் இடி விழுந்து மேல்பெட்டியின் ரேடியோ கருகிவிட்டது. கழற்றி எடுத்து வந்தேன், என் மேசையில்தான் கிடக்கிறது. மறுபடி ஊஞ்சல். அப்பாவின் போஞ்சிப் பாத்தி மிதந்தது.

இந்த வாரம் ஆட்டம் நின்றுவிட்டது, மச்சான். செய்தி வந்தால் எரியும் பச்சை விளக்கு கீழ்ப்பெட்டியில் எரிகிறது. நேற்று பக்கத்திலேயே இருந்தேன். கீழ் மதகு திறந்தது. மேலே ஓடிப் பார்த்தால் மேல் மதகு மூடியே இருக்கிறது, வானமும் வெளுத்துக் கிடக்கிறது. அப்புறம்தான் மழை பிடித்தது, மேல் மதகு திறந்தது. மேல்பெட்டிக்கே தெரியாததைக் கீழ்ப்பெட்டிக்கு யார் சொன்னது?

இன்று மத்தியானத்திலிருந்து பச்சை விளக்கு அணையவே இல்லை. கீழ் மதகு முழுக்கத் திறந்து, குளம் சேறு தெரிய வற்றிவிட்டது. வரப்போகிற தண்ணீருக்கு இன்னும் இடம் போதாதாம். இங்கே ஒரு துளி மழை இல்லை. தவளைகூடக் கத்தவில்லை.

எங்கள் வீடு குளக்கட்டுக்கு நேர் கீழே. அம்மாவிடம் சொன்னேன். பாம்புன்னு பெல்ட்ட காட்டி ஊரைக் கூட்டுனவன்தானே நீ, போய் தேங்காய் துருவுடா என்றார். வத்துன குளத்துல வீடு எப்படிடா முங்கும்னு அப்பா சிரிக்கிறார்.

அம்மாவுக்கு நீ ஃபோனில் கோல் எடு. உன் பேச்சைத் தட்ட மாட்டார். தங்கச்சி லக்ஷிகாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இன்றிரவு மேட்டுச் சர்ச்சில் தங்கச் சொல். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

தொழுததும் எங்களுக்காகத் துஆ கேள். இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் பச்சைப் பொய்யாகிப் போகட்டும் என்று கேள்.

உன் பதிலுக்காக ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கும்,
ரொஷான்