நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். அறையில் ஏர்கான் மறுபடி சொட்டுகிறது. கீழே வாளி.

முதுகலை நுண்பொருளியலுக்கு எந்தப் பாடநூல்? இருபது வருடமாக இதை நடத்துகிறவளுக்குப் பதில் தெரியவில்லை. இங்கே மட்டும்தான் இப்படி எழுத முடியும். படிவம் வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும்.

இரண்டு புத்தகம். ஒன்று தடியன். முழுக்கக் கணிதம், மருந்துக்கும் படம் இல்லை. மேற்கொண்டு முனைவர் பட்டத்துக்கு எங்கே போனாலும் அதிலிருப்பதைத்தான் கேட்பார்கள். மற்றது மெலிசு. வண்ணப் படங்கள், எளிய உதாரணங்கள். இத்தனை வருடமும் நான் வைத்திருந்தது இதைத்தான். பாடத்திட்டம் மாறுவதால் மறுபடி தேர்வு.

நடைக்கூடத்தில் து.த. (துறைத் தலைவர் செல்வநாதன்) பிடித்துக்கொண்டார். “சாந்தி, அந்த பாடநூல் போராங் என்னாச்சு? மெலிசையே எழுதிக் குடுத்துருங்கலா. நம்ம பிள்ளைங்க யாரு? பாதி எஸ்டேட் பிள்ளைங்க. தடிச்சதக் காட்டுனா ரெண்டாவது வாரமே ஓடிரும்.”

நான் “ம்” என்றேன்.

பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து அறை. நான் எங்கே பிறந்தேன் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆயர் தாவார் பக்கம், ரப்பர் எஸ்டேட், எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடு. இன்றும் சொல்லவில்லை. அந்த “ம்” இன்னும் வாயில் கசக்கிறது.

வாங்க: பால் மாவு, விளக்குமாறு, பென்சில்.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் இடி, மழை. வாளி நிறைந்துவிட்டது.

இரண்டு புத்தகத்திலும் ஒரே பாடம் படித்தேன். ஒரு தொழிலாளி எவ்வளவு நேரம் வேலை செய்யத் தீர்மானிக்கிறான் என்பது.

மெலிசு: கோல்ஃப் மட்டையோடு ஒரு ஆள். ஒரு பக்கம் சம்பளம், ஒரு பக்கம் ஓய்வு, நடுவில் அழகான வளைகோடு. ஆள் சிரிக்கிறான்.

தடியன்: ஆளே இல்லை. “தேர்ந்தெடுக்கக் கூடியவற்றின் கணம்” என்று ஆரம்பம். கணத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவன் சொல்வதில்லை. நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தடியன் என் பழைய பிரதி, நான் படித்த காலத்தது. ஓரமெல்லாம் என் பென்சில் எழுத்து. கேள்விகள், அம்புக்குறிகள், ஒரு இடத்தில் “ஆஹா”. பக்கம் 112 வரை. அதற்குப் பிறகு சுத்தம். அச்சகத்திலிருந்து வந்தபடியே.

மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வகுப்பு, மாலை 6. ஒன்பது பேர். எல்லாரும் வேலை முடித்து வருகிறவர்கள். இரண்டு புத்தகத்திலிருந்தும் அந்தப் பாடத்தைப் படியெடுத்துக் கொடுத்து, புத்தகத்துக்கு இருபது நிமிடம் நடத்தினேன். பிறகு கை தூக்கச் சொன்னேன்.

“மெலிசு யாருக்கு வேணும்?”

எட்டுத் தலையும் வசந்தா பக்கம் திரும்பின. வயதில் மூத்தவள் அவள்தான், நாற்பத்தொன்று. ஆயர் தாவாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி (குமாஸ்தா). அவள் கை மேலே போனது. வரிசையாக மற்ற எட்டும்.

“அதுதான் செனாங் மேடம்” என்றான் ஒருவன். சுலபமாம். வேலை முடிந்த நிம்மதி எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இந்தக் கூட்டத்திலேயே மூளைக்காரி வசந்தா. அவளா?

கார் நிறுத்துமிடத்தில் பின்னால் வந்தாள்.

“மேடம், கோவமா?”

“இல்ல.”

“கோவந்தான். சாவிய மாத்தி மாத்திப் போடுறீங்க. அது வீட்டுச் சாவி.”

ஆமாம், வீட்டுச் சாவிதான்.

“ஏன் வசந்தா மெலிசுக்குக் கை தூக்குனீங்க?”

“உங்களுக்காகத்தான் மேடம். தடிப் புத்தகத்த நீங்க சுடு சட்டி மாதிரி பிடிச்சீங்க. மெலிச எடுத்தப்போதான் மூஞ்சி தெளிஞ்சிச்சி. டீச்சருக்கு வராதத ஏன் கேட்டு சங்கடப்படுத்தணும்னு கைய தூக்கிட்டேன். இதுங்க என்னையப் பாத்துத் தூக்குனதுங்க.”

நான் அவர்களுக்காக மெலிசு. அவர்கள் எனக்காக மெலிசு. இருபது வருடம்.

அவள் நிறுத்தவில்லை. “ஆனா அந்த கோல்ஃப் ஆளு யாரு மேடம்? எங்கம்மா காய்ச்சலோட பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போவாங்க. போகலன்னா லயத்து வீட்டக் காலி பண்ணணும். அந்தப் படத்துல வீடு எங்க இருக்கு? தடிப் புத்தகத்துல யார் படமும் இல்ல. அதுலயாச்சும் எங்க வீட்டப் போடலாம்.”

என் அம்மாவும் அப்படித்தான் போனாள். அப்பா கால் உடைந்து கிடந்த வருடம், ஒருநாள் தவறாமல். வீட்டில் யாராவது ஒருவர் தினம் வேலைக்குப் பேர் போட வேண்டும், இல்லையென்றால் வீடு இல்லை. இதை வசந்தாவிடம் சொல்லவில்லை. “பாத்துப் போங்க” என்றேன்.

ஜூன் 12, வியாழன்

தலைவலி. வெயில்.

நேர்மையாக எழுது. 112க்குப் பிறகு எனக்குப் புரியவில்லை. அன்றைக்குப் புரியவில்லை, மனப்பாடம் செய்து தேறினேன். பட்டம் வாங்கினேன். பிறகு “மாணவர்களுக்குச் சிரமம்” என்று சொல்லி மெலிசைப் பிடித்துக்கொண்டேன். லயத்தில் பிறந்தவள், லயத்தில் பிறந்தவர்களுக்கு இருபது வருடம் கோல்ஃப் ஆளைக் காட்டியிருக்கிறேன். து.த. வாயால் சொன்னதை நான் செய்தே காட்டிவிட்டேன். யார் மோசம்?

மதியம் அவர் அறைக்குப் போனேன். படிவம் தயாராக இருந்தது. என் பெயர், மெலிசின் பெயர், எல்லாம் தட்டச்சு. என் கையெழுத்துக்கும் அவர் கையெழுத்துக்கும் மட்டும் இடம்.

“பிள்ளைங்களே வோட்டுப் போட்டுட்டாங்களாமே. முடிஞ்சிச்சிலா.”

மெலிசின் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். மேலே தடியன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“சாந்தி, ஏன் சுலபமானத சுசா பண்றீங்க? எஸ்டேட் பிள்ளைங்களால...”

“நானும் எஸ்டேட்தான் சார்.”

“ஐயோ, நான் உங்களச் சொல்லல!”

“தெரியும். அதான் சொல்றேன்.”

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். “போராங் ரெண்டு நாள் தள்ளிப் போகட்டும். சனிக்கிழமை வகுப்புல வந்து பின்னாடி உக்காருறேன். பாடம் நல்லா போச்சின்னா என் கையெழுத்து. இல்லன்னா மெலிசு. ஃபேர் தானே?”

இல்லை. ஆனாலும் சரி என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

நாள் முழுக்க பக்கம் 113, நாளைய பாடம். ஒன்பது வரி நிரூபணம். நான்கு வரை போகிறேன். ஐந்தாவது: “இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் உள்ள எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால்...” என்பதால் என்ன? எதற்கு அது இங்கே? அன்றும் இதே வரி.

தங்கை கோமதி புந்தோங்கிலிருந்து மீ கோரேங் கட்டிக்கொண்டு வந்தாள்.

“என்னாக்கா மூஞ்சி? யாரும் போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன்.”

“புத்தகம்.”

“ஒரு பொஸ்தகத்துக்கா? நாளைக்கி லீவு போடுலா. வயித்து வலின்னு சொல்லு.”

போடலாம். மனப்பாடம் செய்தும் ஒப்பிக்கலாம். ஐந்தாவது வரியில் கொஞ்சம் இருமி ஆறாவதுக்குத் தாவினால் து.த.வுக்குத் தெரியாது. எனக்கு அதில் பழக்கம் உண்டு.

மீ நன்றாக இருந்தது. கொஞ்சம் உறைப்பு அதிகம்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். 9.30க்கு வகுப்பு. ஒன்பது பேர். து.த. கடைசி வரிசை, கையில் போன், மேசையில் படிவம்.

நான்கு வரி எழுதினேன். ஐந்தாவதை எழுதினேன். இருமல் வரவில்லை.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாது. படிக்கும்போதும் தெரியாது. இங்கதான் நின்னேன்.”

எட்டுத் தலை வசந்தா பக்கம்.

“என்னை ஏன் பாக்குறீங்க? பலகையப் பாருங்க” என்றாள் அவர்களிடம். பிறகு என்னிடம்: “மேடம், நடுவுல உள்ளதுன்னு போட்டிருக்கே. எங்களுக்கு நடுவுல ஒன்னுமில்ல. வேலைக்குப் போனா வீடு, போகலன்னா ரோடு. பாதி வீடு யாரு குடுப்பா?”

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரி எதற்கு அங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அந்த நிரூபணம் நிற்காது. அவர்களை வெளியே நிறுத்தத்தான் அந்த வரி. அதைச் சொன்னேன். அப்படியானால் நமக்கு எது நிற்கும் என்றான் புதன்கிழமை செனாங் என்றவன்.

து.த. 10.40க்கு எழுந்தார். “டீச்சரே தெரியாதுன்னா எப்படிலா? திங்கக்கிழமை பேசுவோம்.” படிவத்தை மேசையிலேயே விட்டுப் போனார். கையெழுத்து இல்லை. திங்கள் மறுபடி சண்டை. போடுவேன்.

12க்கு முடிய வேண்டிய வகுப்பு 1.15 வரை போனது. ஆறாவது வரி வரவில்லை. புத்தகம் கை மாறி மாறிப் போய் வந்தது.

வீட்டில் திறந்து பார்த்தேன். பக்கம் 113, ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன வீடு, கூரையோடு. நான் வரைந்தது இல்லை.