கேட்டை மாற்றி வைத்தோம்

வாலன், டிசம்பர் 14

அன்பு மகள் நஷ்வாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம். லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இருமல் நின்றதா? போனில் சொன்னால் பாதியில் ஓகே உம்மா என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நம் ஆட்டுக் காணியின் கேட்டடியில் நிற்கிற யூகலிப்டஸ் மரம். மேல் பாதி செத்தது, நடுவில் பொந்து. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குர்பான் ஆடு பார்க்க கிரெய்கிபர்ன் டவுனிலிருந்து வருகிறவர்கள் அதன் கீழேதான் காரை விடுவார்கள். இந்த வருடம் ஒரு கிளை விழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் ஓடித் திரிகிற இடம். வாப்பா மரத்தை வெட்டக் கவுன்சிலில் அனுமதி கேட்டார், நானும் சரி என்றேன்.

இனி என் பிழை. வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் என் மிளகாயைக் கொத்தி எறிவது உனக்குத் தெரியும். எண்ணெய்த் தகரத்தைத் தட்டித்தான் விரட்டுவேன். அக்டோபர் கடைசியில் சாம்பல் நிறத்தில் இரண்டு வந்தன. அழுக்குப் பிடித்த வெள்ளைக் கொக்கட்டூ என்று நினைத்தேன். ஒன்றின் தலை சிவப்பு. எங்கேயோ செம்மண்ணில் புரண்டிருக்கும் என்று நினைத்தேன். ஒரு கிழமை முழுக்கத் தட்டினேன். மரத்தைப் பார்க்கக் கவுன்சிலிலிருந்து ராகவி வந்தபோதும் தட்டிக்கொண்டுதான் நின்றேன். டூங்கபி ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அன்ரி, பிளீஸ், முதல்ல அதைக் கீழ வையுங்கோ என்றாள். அது கேங்-கேங் கொக்கட்டூவாம். அருகிப்போகிற இனம். பொந்துக்குள் முட்டை இருக்கலாம், பறவை பயந்து விட்டுப் போனால் முட்டை குளிர்ந்துவிடும் என்றாள். இப்படி ஒரு பொந்து வர மரத்துக்கு நூறு வயது தாண்ட வேண்டுமாம்.

தகரத்தைக் கீழே வைத்தேன். மூன்று நாள் அந்த இரண்டும் வரவில்லை. குசினி ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். செத்த மரத்துக்குக் காவலா என்று வாப்பா சிரித்தார். நாலாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தால், துருப்பிடித்த கேட் திறக்கிற சத்தம். யாரோ வந்துவிட்டார்கள் என்று வெளியே போனேன். யாருமில்லை. பொந்து வாயில் சிவப்புத் தலை. அது கத்துவதுதான் அந்தக் கேட் சத்தம்.

அதற்குப் பிறகு வெட்ட விடுவேனா? பிள்ளைகளின் தலையில கொப்பு விழுந்தா நீ பொறுப்பா என்று வாப்பா கேட்டார். அதுக்குக் கீழ காரை விடச் சொன்னது நாங்க, மரம் நடந்து வரல்ல என்றேன். இரண்டு நாள் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் அவரே குளத்துப் பக்கம் குழி தோண்டிக்கொண்டு நின்றார். கேட்டை அங்கே மாற்றிவிட்டார். காரும் அங்கேதான். மரத்தையும் ஓடைக்கரையையும் சேர்த்து வேலி, ஆடு இனி உள்ளே போகாது. உள்ளே நாற்பது மரக்கன்று நட்டோம். அதில் பொந்து விழும்போது நாங்கள் இருக்க மாட்டோம், நீயும்தான். வாப்பா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.

ஒரு விஷயம் பாக்கி. யார் வாங்கினாலும் அந்த வேலிக்குள் வெட்டக் கூடாது, மேய்க்கக் கூடாது என்று கவுன்சிலோடு உடன்படிக்கை எழுத வேண்டும். காணி மூன்று பேர் பெயரில். நாங்கள் இருவரும் கையெழுத்து வைத்துவிட்டோம். வீடுகள் இந்தப் பக்கம் வருகின்றன, பிறகு விற்கலாம் என்று நீ ஒருமுறை சொன்னது எனக்கு மறக்கவில்லை. அந்த மூலை கட்டுப்பட்டால் விலை குறையும், அதையும் மறைக்கவில்லை. உன் கையெழுத்து இல்லாமல் அது வெறும் வேலிதான். நீ வைப்பாய். அந்த நம்பிக்கையில்தான் கன்றுகளை நட்டோம்.

போன கிழமை பொந்திலிருந்து இரண்டு குரல் கேட்டது. குஞ்சுகள் என்று ராகவி சொன்னாள்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் மன நிம்மதியையும் தரட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஈமெயிலில் வந்த உடன்படிக்கைத் தாளைப் பிரிண்ட் எடுத்து ஒப்பமிட்டு அனுப்பு. ரமலானுக்கு வரும்போது பழைய இடத்தில் கேட்டைத் தேடாதே. நான் தட்டிய எண்ணெய்த் தகரத்தில் வாப்பா அம்புக்குறி வரைந்து புதுக் கேட்டில் தொங்கவிட்டிருக்கிறார். அது காட்டுகிற பக்கம் வா.

என்றும் உன் உம்மா,
ஹபீபா மஹ்மூத்