அம்மா மட்டும் இருக்கும் படம்

அப்பாவுக்கு,

உங்கள் ரத்தக்கொதிப்பும் கோபமும் நலமா? நான் நலம்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புது மூளை ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது. அதைச் சோதிக்க என்னையே உள்ளே படுக்கவைத்து, நீங்களும் அம்மாவும் நிற்கும் படத்தைக் காட்டினார்கள். யாரென்று புத்தி சொல்வதற்குள், மூளையில் பயத்துக்கான இடம் திரையில் திகுதிகுவென்று எரிந்ததாம்.

“ரெண்டு பேர்ல யாரைப் பார்த்தும்மா இவ்ளோ பயம்?” என்று டாக்டர் சிரித்தார்.

“எங்கம்மா பூனைக்கே பயப்படுவாங்க, டாக்டர்” என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பெருமைப்படுங்கள், இத்தனை தூரத்திலும் உங்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

எனக்கு அம்மாவின் முகம் மட்டும் வேண்டும். அவள் தனியாக இருக்கும் படம் நம் வீட்டில் கிடையாது. ஒருமுறையாவது அவளைத் தனியாக ஸ்டூடியோவுக்குப் போக விடுங்கள்.

ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் ஸ்டூடியோ வாசலில்கூட நிற்காதீர்கள். அவள் முகத்தில் தெரிந்துவிடும்.

மகள்