மூடி போன வழி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி துடைக்கிற வேலையை வேறு ஆளுக்கு மாற்றுவதாகச் சொன்னார்களே, மாற்றினார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க, போடவா, வேண்டாமா" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அது எந்த "ம்" என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருப்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

அப்பாவிடம் கேட்டேன். "போடச் சொல்லு. தரையை உசத்தாம அவளை எப்படி இந்த வீட்டுக்குக் கூப்பிடறது? மறுபடியும் தண்ணியில நிக்கவா?" என்றார். அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மீதிக் கடிதம் என்னுடையது.

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு கணினி. வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள். மூத்தவரை எல்லோரும் மீட்டர் சார் என்பார்கள். டீயைக்கூட டம்ளரில் எதுவரை இருக்கிறது என்று கண்ணால் அளந்துவிட்டுத்தான் குடிப்பார். எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், "சரி சார்" என்று. ஏழு மாதமாக என் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

இந்தத் தடவை எங்களிடம் வந்தது நம் ஊரின் மழைத்தண்ணீர் வரைபடம். கோடு போட்ட படம் இல்லை அம்மா. என் பழைய கணக்கு நோட்டு மாதிரி முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் நிஜத்தில் நம் கூடத்தின் அளவு. எந்தக் கட்டம் எவ்வளவு உயரம் என்று கணினிக்குத் தெரியும். சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் தண்ணீர் எதற்குள் இறங்கும் என்று அதுவே கண்டுபிடித்து, உள்ளே ஒரு நம்பரைப் போட்டு வைத்துக்கொள்கிறது. நம்பரைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் மேலே அம்புக்குறி போட வேண்டும். எல்லாக் கட்டத்திலும் போட்டால் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும். ஆகவே சில கட்டங்களுக்கு ஒன்று. சரிவு அதிகமான இடத்தில் பெரிய அம்பு, குறைந்த இடத்தில் சின்னது. எத்தனைக்கு ஒன்று, என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்று ஒழுங்கு செய்வது என் வேலை. நோட்டுக் கட்டங்கள் மேல் பள்ளிக்கூடத்தில் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்ததில்லை.

இந்த வருஷம் ஊருக்கு ஒரே ஒரு மழைநீர்க் கால்வாய்தான் வெட்டப் போகிறார்கள். அம்புகள் எங்கே வந்து கூடுகின்றனவோ அங்கே வெட்டுவார்கள். படம் புதன்கிழமை நடக்கும் ஊர்க் கூட்டத்துக்குப் போக வேண்டும். மீட்டர் சார் செவ்வாய்க்கிழமையே முடித்து, கால்வாய்க்குச் சிவப்புக் கோடும் போட்டுவிட்டார். என்னிடம் நிறத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பச் சொன்னார்.

நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் நம் வீட்டைத் தேடினேன். பெரிதாக்கிக்கொண்டே போனேன். தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேடு, அதற்குக் கீழே நம் வரிசை, தெருக்கோடியில் தையல்காரர் வீடு. நம் கூடம் ஒரு கட்டமாக இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கும் ஞாபகம் இருக்கும். பின்கதவு வழியாகத் தண்ணீர் வரும், அடுப்பங்கரையைச் சுற்றிவிட்டுக் கூடத்துக்குள் நுழையும். கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திய உன் கட்டிலில் நாம் இருவரும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நீ எனக்குத் தலை வாரிவிடுவாய். மற்ற நாளில் அவசர அவசரமாக இழுத்துப் பின்னுகிற நீ, மழை நாளில் மட்டும் ஒவ்வொரு சிக்காக எடுப்பாய். கீழே சாமான்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். எது முதலில் வாசலைத் தாண்டும் என்று பந்தயம் கட்டுவோம். எப்போதும் அந்தப் பெரிய அலுமினிய மூடிதான் ஜெயிக்கும். "பாரு, மகராணி மாதிரி போகுது" என்பாய். மழை விட்டதும் அதை எடுத்து வர நான் தையல்காரர் வீட்டுப் படிக்குப் போவேன். அவர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாடகை குடுக்காம உங்க வீட்டுச் சாமான் எல்லாம் என் படியிலதான் குடியிருக்கு" என்பார். அந்தத் தண்ணீரில் நின்று உனக்கு முழங்கால் போனது. தரையை உயர்த்தப் பணம் சேர்க்கத்தான் நீ அவ்வளவு தூரம் வேலைக்குப் போனாய். ஆனாலும் மழை என்றால் எனக்கு முதலில் உன் சீப்புதான் ஞாபகம் வருகிறது.

அப்போதுதான் அம்புகளைக் கவனித்தேன். தையல்காரர் படியில் புறப்பட்டு, நம் வாசலுக்குள் நுழைந்து, பின்கதவு வழியாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. ஊரிலுள்ள அம்பெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் போய் மோதிக்கொண்டு நின்றன. சிவப்புக் கோடு மேட்டைச் சுற்றி ஓடியது.

மீட்டர் சார் பையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டில் வெட்டினால் நம் தெருவுக்கு அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. நீ கையெழுத்துப் போடுவாய். எழுந்து நின்றேன். "சார், மூடி கீழதான் போகும்" என்றேன்.

எந்த மூடி என்று கேட்டார். சொன்னேன். மூடி, துடைப்பம், அப்பாவின் ஒற்றைச் செருப்பு, தையல்காரர் சொல்வது எல்லாம் சொன்னேன். பக்கத்து மேசை அக்கா, "நம்ம சரி சாரா பேசுறது?" என்று நாற்காலியைத் திருப்பினாள். மீட்டர் சார் சிரித்தார். "மூடியை வெச்செல்லாம் மேப் போட முடியாதும்மா" என்றார். ஆனால் பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். இதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக்குக் காற்று வரைபடம் போட்டிருந்தார்கள். காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். தண்ணீருக்கு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் சார் அந்தப் படத்தின் அமைப்பையே எடுத்து இதற்கும் போட்டிருந்தார். 'வருவது', 'போவது' என்று கேட்கும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது, அதை மாற்ற மறந்துவிட்டார். கட்டத்துக்குள் இருந்த நம்பரெல்லாம் சரி, காட்டியதுதான் தப்பு.

அதை மாற்றினார். அம்மா, ஊரிலிருந்த அத்தனை அம்பும் ஒரே நேரத்தில் திரும்பின. நம் வீட்டு அம்பும் திரும்பி, பின்கதவில் நுழைந்து வாசல் வழியாகப் படிக்கு இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். மீட்டர் சார் சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு, "நீயே போடும்மா, உனக்குத்தான் வழி தெரியுது" என்றார். "சரி சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு அப்பாவும் போனார். இடுப்பு வலியோடு தையல்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு போனாராம். தையல்காரர் சுவரில் மாட்டியிருந்த படத்தில் விரலை வைத்து, "இதோ என் படி. அம்பு சரியா வருது, கூட சாமானைத்தான் காணோம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். கால்வாய் நம் தெருவுக்குத்தான். வெள்ளிக்கிழமை வந்து வாசல் ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

"அப்ப அம்மாவுக்கு என்ன எழுத?" என்று அப்பாவை மறுபடியும் கேட்டேன். "சுண்ணாம்பை நம்பி எதுவும் சொல்லக் கூடாது. முதல்ல வெட்டட்டும். கையெழுத்தைப் போடச் சொல்லு" என்று பழைய பாட்டையே பாடினார். அதையும் எழுதிவிட்டேன்.

ஆனால் நேற்று நான் வேலையிலிருந்து வந்தபோது உன் கட்டில் தரையோடு நின்றது. நான்கு காலுக்கும் கீழே இருந்த செங்கல்லை எடுத்துப் பின்வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார். இந்த இடுப்போடு தனியாக எப்படி எடுத்தாரோ. ஏன்ப்பா எடுத்தீங்க என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல், "அந்த முழங்காலோட அவ இவ்வளவு உசரம் எப்படி ஏறுவா?" என்றார்.

உன் சீப்பு அலமாரியில் அதே தட்டில் இருக்கிறது. என் முடி இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது. பின்னால் இருக்கும் சிக்கு என் கைக்கு எட்டுவதில்லை அம்மா.

படியில் பார்த்து இறங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மகள்