கோபாலின் எடை

மாசி 3, ஞாயிறு

அரியலூர் போயி கிளார்க் பரீட்சை எழுதிட்டு வந்தாச்சு. சோறு இறங்கல.

காலையில பஸ்ல, என்கூடச் சேர்ந்து படிக்கிற மேரியக்கா கைடைப் பிரிச்சுக் கேட்டுச்சு: "ராமு எடை கோபாலைவிட இருபத்தஞ்சு சதவீதம் கூட. அப்ப கோபால் எடை ராமுவைவிட எத்தனை சதவீதம் குறைவு?"

பெரிய மேதாவியாட்டம், ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, "அதே இருபத்தஞ்சுதான்க்கா, இதுக்குப் போயி கணக்கா?"ன்னேன். அக்கா கைடை மூடிருச்சு.

அதே கணக்கு பரீட்சையில வந்துச்சு. கோபாலுக்கு நூறு கிலோன்னு வெச்சுப் பார்த்தேன். ராமு நூத்தி இருபத்தஞ்சு. அதுல இருபத்தஞ்சு குறைஞ்சா அஞ்சுல ஒரு பங்கு. இருபது சதவீதம்தான். இருபதுன்னே குறிச்சேன். மூணு பெஞ்சு முன்னாடி அக்கா குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்துச்சு.

நான் இன்னும் நாலு தடவை எழுதலாம். அக்காவுக்கு வயசு வரம்பு இதோட முடியுது.

திரும்பி வரயில என் கையைப் பிடிச்சுக்கிச்சு. "நீ சொன்னதையே எழுதிட்டேன் வள்ளி. நீயும் அதானே போட்ட?"

"ஆமாக்கா, இருபத்தஞ்சு."

ஜெயங்கொண்டம் வர்ற வரைக்கும் என் தோள்ல சாஞ்சு நிம்மதியா தூங்குச்சு. நான் அசையவே இல்ல.